உளவியல், வேலையிட நியாயம், ஊடக அறிவு: வகுப்பில் நடத்தப்போகும் ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகள்

கலை அறிவியல் கல்லூரி மாணவர்களோடு இந்த மூன்றையும் சேர்த்து, வாரம் ஒரு மணி நேரம் என்ற கணக்கில் நடத்தி வருகிறேன். இதைக் கேள்விப்பட்டு மற்ற கல்லூரி ஆசிரியர்கள் போன் செய்வார்கள். கல்லூரி எதுவானாலும் கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றைத் தொட்டுப் போகும் என்பதால் எண் போட்டிருக்கிறேன்.

1. “சைக்காலஜி ஒரு டிபார்ட்மென்ட், லேபர் லா ஒண்ணு, மீடியா இன்னொண்ணு. மூணையும் ஏன் சார் ஒண்ணா சேக்கணும்?”

படித்து வெளியே போகும் பிள்ளைக்கு இவை மூன்றும் ஒரே நாளில், ஒரே சம்பவத்தில் வந்து நிற்கும். 2023 மார்ச் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அவற்றில் ஒன்று ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த கொலை. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு மறுப்பு வீடியோ வெளியிட்டார். பீகாரிலிருந்து ஒரு குழுவே வந்து விசாரித்துவிட்டுப் போனது. அது ஹோலிக்கு முந்தைய வாரம் வேறு. வழக்கமாக ஊருக்குக் கிளம்புகிறவர் யார், பயந்து கிளம்புகிறவர் யார் என்று ரயில் நிலையத்தில் பார்த்தவருக்குப் பிரித்துச் சொல்ல வழியில்லை.

அந்த வீடியோ எங்கே எடுத்தது என்று கேட்டால் ஊடக அறிவு. சொந்த ஊர்க்காரன் அனுப்பியதால் உடனே நம்பினாரே, ஏன் என்று கேட்டால் உளவியல். பல வருஷம் வேலை பார்த்த ஊரில் “இது உண்மையா?” என்று விசாரிக்க ஒரு மேஸ்திரியை விட்டால் அவருக்கு ஏன் வேறு ஆளே இல்லை என்று கேட்டால் வேலையிட நியாயம். ஒரு கேள்வியை விட்டுவிட்டாலும் மற்ற இரண்டுக்கும் கிடைக்கும் பதில் அரைகுறையாகத்தான் இருக்கும்.

2. “நான் காமர்ஸ் ஸ்டாஃப். சைக்காலஜி படிச்சதே இல்ல. நான் நடத்தலாமா?”

தாராளமாக. சம்பளச் சீட்டைப் பிரித்துக் காட்டுவதில் உங்களை யாரும் மிஞ்ச முடியாது. புள்ளியியல் ஆசிரியருக்கும் தமிழாசிரியருக்கும் அப்படியே ஒவ்வொரு பலம் இருக்கிறது. “எனக்குத் தெரியவில்லை, அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன்” என்று வகுப்பில் சொல்லத் தயங்காதவராக இருந்தால் போதும். அந்த ஒரு வாக்கியத்தை ஆசிரியர் வாயால் கேட்பதே பிள்ளைகளுக்கு ஒரு பாடம்.

ஒரு எல்லை மட்டும் உண்டு. உளவியல் சோதனைகளைப் பற்றிப் பேசலாம். யாருக்கும் மன நோய் இருக்கிறது, இல்லை என்று சொல்லக் கூடாது. யாராவது உடைந்து போய் வந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கொடுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

3. “முதல் வகுப்புலயே பசங்களைப் பிடிக்கணும். போனை விட்டு நிமிரவே மாட்டாங்க. எதுல ஆரம்பிக்கிறது?”

விளக்கம் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். முதலில் அவர்கள் விடையைத் தாளில் எழுதச் சொல்லுங்கள், பிறகு உண்மையைக் காட்டுங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த வரிசைதான். எழுதிய பிறகு அது அவர்களுடைய விடை. சரியா தப்பா என்று தெரிந்துகொள்ளும் வரை போன் கைக்கு வராது.

போர்டில் 2, 4, 6 என்று எழுதுங்கள். “இந்த மூன்று எண்களும் என் மனதில் உள்ள ஒரு விதிக்குப் பொருந்துகின்றன. நீங்கள் வேறு மூன்று எண்கள் சொல்லுங்கள், பொருந்துகிறதா இல்லையா என்று சொல்கிறேன். விதி உறுதியாகத் தெரிந்தவுடன் எழுதிக் கொடுங்கள்” என்று சொல்லுங்கள். 8, 10, 12 வரும். பொருந்தும். 20, 22, 24 வரும். பொருந்தும். “இரண்டிரண்டாகக் கூடுகிறது” என்று பலர் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். விதியோ “ஏறுவரிசையில் ஏதாவது மூன்று எண்கள்” என்பதுதான். தன் ஊகம் தப்பாக இருக்குமோ என்று பார்க்க 1, 2, 17 என்றோ 6, 4, 2 என்றோ கேட்டுப் பார்ப்பவர் அபூர்வம். பீட்டர் வேசன் 1960இல் வெளியிட்ட ஆய்வில், 29 பேரில் 6 பேர்தான் முதல் முயற்சியிலேயே சரியான விதியைச் சொன்னார்கள். தான் நம்புவதற்கு ஆதாரம் தேடுவதும், அது தப்பாக இருக்கக்கூடுமா என்று தேடுவதும் வேறு வேறு வேலை. சாக்பீஸ் ஒன்றை வைத்து இதை இருபது நிமிஷத்தில் புரிய வைத்துவிடலாம்.

அடுத்த வாரத்துக்கு ராசிபலன். எல்லோரிடமும் பிறந்த தேதியும் நட்சத்திரமும் வாங்கிக்கொள்ளுங்கள். மறு வாரம் ஆளுக்கொரு மடித்த தாள் கொடுத்து, தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். போட்டு முடித்ததும் பக்கத்தில் இருப்பவரோடு தாளை மாற்றிப் படிக்கச் சொல்லுங்கள். எல்லாத் தாளிலும் ஒரே வாசகம். பெர்ட்ரம் ஃபோரர் 1948இல் தன் 39 மாணவர்களிடம் இப்படிச் செய்தபோது சராசரி 4.26 வந்தது. ஜாதகம் பார்ப்பவரை இதை வைத்துக் கேலி செய்ய விடாதீர்கள். “இந்த வரி உங்களுக்கு ஏன் பொருந்தியது?” என்று மட்டும் கேளுங்கள். பதில் அவர்களிடமிருந்தே வரும். விளையாட்டு முடிந்த அதே மணி நேரத்துக்குள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். யாரையும் ஏமாந்த நிலையில் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

4. “கேள்வி கேட்டா யாருமே வாயைத் திறக்க மாட்டாங்க. அப்புறம் எப்படி டிஸ்கஷன் நடத்துறது?”

அந்த மௌனத்தையே பாடமாக்குங்கள். சாலமன் ஆஷ் 1951இல் வெளியிட்ட கோடு சோதனை எளிமையானது. ஒரு கோட்டைக் காட்டி, மூன்று கோடுகளில் அதே நீளமுள்ளது எது என்று கேட்பார்கள். கூட உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் ஏற்பாடு செய்யப்பட்ட ஆட்கள். ஒரே குரலில் தப்பாகச் சொல்வார்கள். கண்ணுக்கு நேராகத் தெரிகிற விஷயத்திலேயே நான்கில் மூன்று பேர் ஒரு முறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டால் போதும், அப்படிப் பின்னால் போவது வெகுவாகக் குறைந்தது.

முதல் பெஞ்சில் ஒருவர் மாற்றிச் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கும் வாய் வரும். அதற்கு வழி செய்து கொடுங்கள். முதலில் தாளில் எழுதுவது, அடுத்து பக்கத்தில் இருப்பவரோடு பேசுவது, கடைசியில்தான் வகுப்பு முன்னால் பேசுவது. பேசுவது தமிழிலேயே இருக்கட்டும். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று நீங்கள் சொன்ன நிமிஷத்தில் பாதி வகுப்பின் கருத்து போய்விடும். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

5. “ஒரு நாள் செமினார் வெச்சு, ஒரு சீஃப் கெஸ்ட்டைக் கூப்பிட்டு முடிச்சிடலாமே?”

முடித்துவிடலாம். பலன்தான் இருக்காது. பீகாரில் 2019 தேர்தலையொட்டி சுமித்ரா பத்ரிநாதன் ஒரு ஆய்வு செய்தார். 1,224 பேர் அதில் பங்கேற்றார்கள். வீட்டுக்கே போய் ஒரு மணி நேரம் போல உட்கார்ந்து, பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள். சராசரியாகப் பார்த்தால் முன்னேற்றம் தெரியவில்லை. ஒரு பிரிவினர், தங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்களைக் கண்டுபிடிப்பதில் முன்பைவிட மோசமாகக்கூடச் செய்தார்கள்.

அதே பீகாரில் அவரும் மற்ற ஆய்வாளர்களும் பிறகு ஒரு பெரிய முயற்சி செய்தார்கள். சுமார் 13,500 பள்ளி மாணவர்கள், கிராம நூலகங்கள், ஏறத்தாழ 14 வாரங்களுக்குப் பரப்பிய வகுப்புகள். இந்த முறை பலன் தெளிவாகத் தெரிந்தது, சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோதும் நின்றது. அதனால்தான் நான் வாரம் ஒரு மணி நேரத்துக்காக முதல்வர் அறை வாசலில் நின்று கெஞ்சுகிறேன். பொன்னாடையும் குத்துவிளக்கும் வேண்டாம், கால அட்டவணையில் ஒரு பீரியட் கொடுங்கள்.

6. “யூடியூப்ல ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனை, மார்ஷ்மெல்லோ சோதனை எல்லாம் இருக்கு. போட்டுக் காட்டினா பசங்களுக்குப் பிடிக்குமே?”

காட்டலாம், ஆனால் அவற்றின் பிற்பாதியையும் சேர்த்துக் காட்டுங்கள். மாணவர்களைக் கைதிகளாகவும் காவலர்களாகவும் நடிக்க வைத்த 1971 சிறைச் சோதனையில் காவலர்கள் தாமாகவே கொடூரமானார்கள் என்று பல ஆண்டுகள் சொல்லிக் கொடுத்தோம். கடுமையாக நடந்துகொள்ள அவர்கள் தூண்டப்பட்டார்கள் என்பதைப் பழைய ஒலிப்பதிவுகள் காட்டிவிட்டன. முன்னால் இருக்கும் மார்ஷ்மெல்லோ மிட்டாயை உடனே தின்னாமல் இன்னொன்றுக்காகக் காத்திருக்கும் குழந்தை வாழ்க்கையில் ஜெயிக்கும் என்ற கதையை 2018இல் கூடுதல் குழந்தைகளோடு மறுபடி சோதித்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு பெருமளவு கரைந்துபோனது. 2015இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த பெரிய முயற்சியில், பாதிக்கும் குறைவானவற்றில்தான் பழைய முடிவு திரும்பக் கிடைத்தது.

இதைச் சொன்னால் உளவியல் மேல் மரியாதை குறையுமே என்று ஒரு பேராசிரியை வருத்தப்பட்டார். எனக்கு எதிர்மாறாகப் படுகிறது. தன் தப்பைத் தானே தேடிக் கண்டுபிடித்து வெளியிடுகிற துறையை அதற்காகவே மதிக்கலாம். 3ஆம் கேள்வியில் சொன்ன 6, 4, 2தான் இது.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பயன்படுவது நியூயார்க் கதை. 1964இல் ஓர் இளம்பெண் தெருவில் கொல்லப்பட்டபோது 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்று ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியது. வேடிக்கை பார்ப்பவர்கள் பற்றிய ஆய்வுகளே அந்தச் செய்தியிலிருந்துதான் கிளம்பின. ஆய்வுகள் பயனுள்ளவை. செய்தியோ மிகைப்படுத்தப்பட்டது என்று பல ஆண்டுகள் கழித்து அந்தப் பத்திரிகையே ஒப்புக்கொண்டது. உளவியலையும் ஊடக அறிவையும் ஒரே மணி நேரத்தில் நடத்த இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது.

7. “வேலையிட நியாயம்னு பேசினா கம்பெனிக்கு எதிரா தூண்டி விடுறீங்கன்னு பிளேஸ்மென்ட் செல்லுல சொல்றாங்களே?”

பிளேஸ்மென்ட் அதிகாரியையே வகுப்புக்கு அழைத்து உட்கார வையுங்கள். கோஷத்தில் ஆரம்பிக்காமல் ஆஃபர் லெட்டரில் ஆரம்பியுங்கள். பெயர்களை மறைத்து ஒரு மாதிரிக் கடிதம் தயாரித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு மூன்று லட்சம் என்று மேலே போட்டிருக்கும். “முதல் மாதம் கையில் எவ்வளவு வரும், எழுதுங்கள்” என்று கேளுங்கள். மூன்று லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து 25,000 என்று எழுதுவார்கள். பிறகு வரி வரியாகப் பிரியுங்கள்: நிறுவனத்தின் பி.எஃப். பங்கு, ஊழியரின் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி, காப்பீடு, வருஷக் கடைசியில் “செயல்திறனைப் பொறுத்து” தரப்படும் தொகை. கையில் வருவது கணிசமாகக் குறையும்.

இதைத் தெரிந்துகொண்டு சேரும் பிள்ளை மூன்றாம் மாதத்தில் மனம் வெறுத்து ஓடாது. அது நிறுவனத்துக்கும் நல்லது என்பது பிளேஸ்மென்ட் அதிகாரிகளுக்கே நன்றாகத் தெரியும். ஒரு முறை வந்து உட்கார்ந்தவர்கள் மறு வருஷம் தாமாகவே தேதி கேட்டு வருகிறார்கள்.

8. “சட்டம்னா கடல். மாணவர்களுக்கு மினிமம் என்ன தெரிஞ்சிருக்கணும்?”

நான்கு விஷயங்கள் போதும். பணி நியமனக் கடிதம் எழுத்தில் வாங்க வேண்டும். சம்பளம் எந்தத் தேதிக்குள் வர வேண்டும், வேலையை விட்டால் கணக்கு எப்போது தீர்க்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரே வேலைக்கு ஆண், பெண், திருநர் என்று பார்த்துச் சம்பளத்தில் பாகுபாடு காட்டக் கூடாது. பாலியல் துன்புறுத்தலுக்குப் புகார் கொடுக்க வழி இருக்கிறது. அதைப் 10ஆம் கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன். பழைய தொழிலாளர் சட்டங்களை இணைத்த நான்கு சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஊதியத் தொகுப்பின்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும். விலகினால் இரண்டு வேலை நாளுக்குள் நிலுவைச் சம்பளம் தர வேண்டும். கையில் பழைய நோட்ஸ் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.

நம் ஊர்ச் சட்டம் ஒன்றையும் கட்டாயம் சொல்லுங்கள். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. கேரளம் 2018இலேயே செய்திருந்தது. உங்கள் வகுப்பில் ஜவுளிக்கடையில் பகுதிநேரமாக நிற்கும் மாணவி ஒருவராவது இருப்பார். தீபாவளி சீசனில் நாள் முழுக்க நின்றுவிட்டு மறுநாள் காலை வகுப்பில் தூங்குவார். அவருக்கு அந்த இருக்கை சலுகையில்லை, உரிமை என்று தெரியும்போது முகத்தில் வரும் மாற்றத்தைப் பார்த்த பிறகு, இந்தப் பாடத்தை விட்டுவிட எனக்கு மனம் வந்ததில்லை.

9. “ரெண்டு வருஷம் பாண்டு, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டும் கொடுக்கணுமாம். கையெழுத்துப் போடலாமான்னு பையன் கேக்கிறான். என்ன சொல்ல?”

பாண்டு எல்லாமே செல்லாது என்று சொல்லிவிடாதீர்கள். 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. பெரிய ஆள்சேர்ப்புச் செலவு உள்ள பொதுத்துறை என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. அதை வைத்து எந்தக் கம்பெனியும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஆகிவிடாது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, எழுதிய தொகை எவ்வளவாக இருந்தாலும் நியாயமான இழப்பீடு வரைதான் பெற முடியும் என்கிறது.

பையனிடம் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: தொகை எவ்வளவு, காலம் எவ்வளவு, அதற்கு ஈடாக என்ன பயிற்சி தருகிறீர்கள்? பதில் மின்னஞ்சலில் வரட்டும். ஒரிஜினல் சான்றிதழைக் காட்டிவிட்டு, நகலைக் கொடுத்துவிட்டு, ஒரிஜினலோடு திரும்பி வரச் சொல்லுங்கள். கொடுத்தே தீர வேண்டிய கட்டாயம் வந்தால், பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ரசீது வேண்டும். சிக்கல் வந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.

10. “வகுப்பு முடிஞ்சதும் ஒரு பொண்ணு வந்து, இன்டர்ன்ஷிப் போன இடத்துல தனக்கு நடந்ததைச் சொன்னா நான் என்ன பண்றது?”

இது நடக்கும். வகுப்பை ஆரம்பிப்பதற்கு முன்பே இதற்குத் தயாராக இருங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். “ஏன் அங்கே போனாய்?”, “ஏன் அப்பவே சொல்லல?” என்ற இரண்டும் உங்கள் வாயில் வரவே கூடாது. “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியமும் செய்யாதீர்கள். முதலாண்டு மாணவிகளில் 18 நிறையாதவர்கள் இருப்பார்கள். அவர்கள் விஷயத்தில் போக்சோ சட்டப்படி தகவல் கொடுப்பது கட்டாயம்.

2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பயிற்சிக்குப் போனவரையும் உள்ளடக்கியது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதற்குப் பெண் தலைவர், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர் வேண்டும். சின்ன நிறுவனம் என்றாலோ முதலாளி மேலேயே புகார் என்றாலோ மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். நடந்தது கல்லூரிக்குள் என்றால் நம் கல்லூரியின் குழு. அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள்.

புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை, 18 வயது நிறைந்தவராக இருந்தால், அவர்தான் முடிவு செய்ய வேண்டும். பெயரை ஸ்டாஃப் ரூமில் சொல்வது உதவியாகாது. அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமே தடை செய்கிறது. இந்தச் சட்டத்துக்கு வழி திறந்தது உச்ச நீதிமன்றத்தின் 1997 விசாகா தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்குப் பின்னால், ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போய் 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளான பன்வாரி தேவி என்ற அரசுத் திட்டப் பணியாளர் இருக்கிறார். அந்தப் பெயரை வகுப்பில் சொல்லுங்கள்.

11. “சாதி பத்திப் பேச்சு வந்தா வகுப்பு ரெண்டா பிரிஞ்சிடுமே. தவிர்த்திடலாமா?”

வேலையிட நியாயம் என்று பேசிவிட்டு சாதியைத் தவிர்த்தால் பாதிக்கப்பட்ட பிள்ளை நம்மைப் புரிந்துகொள்ளும், மறுபடி நம்பாது. தவிர்க்காதீர்கள். ஆனால் அனுபவத்தைச் சொல்லச் சொல்லி யாரையும் எழுப்பி நிற்க வைக்காதீர்கள். தரவில் ஆரம்பியுங்கள்.

சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம், உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கும்தான் இருந்தது. முடிவைக் காட்டும் முன் ஊகத்தை எழுதச் சொல்ல மறக்காதீர்கள்.

உடனே ஒரு மாணவர் கை தூக்குவார்: “நம்ம ஊர்லதான் பேருக்குப் பின்னாடி சாதி போடுறதில்லையே.” அருமையான கேள்வி. “அப்படியானால் நேர்காணலில் வேறு எதைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்?” என்று திருப்பிக் கேளுங்கள். சொந்த ஊர் எது, எந்தத் தெரு, குலதெய்வம் எது, அசைவம் சாப்பிடுவீர்களா என்று பட்டியல் அவர்களிடமிருந்தே வரும். அன்றைய வகுப்பில் நீங்கள் அதற்குமேல் பேசவே தேவை இருக்காது.

12. “வாட்ஸ்அப் ஃபார்வேர்டு உண்மையா பொய்யான்னு பாக்க ஈஸியான வழி ஒண்ணு சொல்லுங்களேன்.”

அந்தப் பக்கத்தையே உற்று உற்றுப் பார்க்காமல், வெளியே வந்து மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் 10 வரலாற்று ஆய்வாளர்கள், 10 தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஆகியோரை ஒப்பிட்டார்கள். படித்த பேராசிரியர்களே தளத்தின் அழகிலும் லோகோவிலும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் மட்டும் சில வினாடிகளில் புது டேப் திறந்து, இந்தத் தளத்தை நடத்துவது யார் என்று தேடினார்கள். படம் என்றால் கூகுள் லென்ஸில் போட்டு, முதலில் எப்போது வெளியானது என்று பார்க்கச் சொல்லுங்கள். 1ஆம் கேள்வியில் வந்த ஜோத்பூர் வீடியோ பிடிபட்டதும் இப்படிப்பட்ட தேடலில்தான்.

இது எதற்கு இவ்வளவு முக்கியம் என்று வகுப்பில் யாராவது கேட்டால் 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே நடந்ததைச் சொல்லுங்கள். குலதெய்வக் கோயிலுக்கு உறவினர்களோடு வந்த 65 வயதுப் பெண் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அந்த ஆண்டு நாடு முழுக்க இப்படிப் பல உயிர் போன பிறகுதான் ஜூலையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்குமேல் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது.

13. “தாய்லாந்துல டேட்டா என்ட்ரி, மாசம் எண்பதாயிரம்னு டெலிகிராம்ல வருது. பசங்க நம்புறாங்க. எப்படிப் புரிய வைக்கிறது?”

நடந்ததைச் சொல்லுங்கள். 2022இல் இப்படித் தாய்லாந்துக்கு என்று கிளம்பிய இந்திய இளைஞர்கள் மியான்மரின் மியாவடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். தமிழ்நாட்டு இளைஞர்களும் அதில் இருந்தார்கள், மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். கம்போடியாவிலும் லாவோஸிலும் இதே கதை.

இந்த விளம்பரத்தை எடுத்து மாணவர்களையே பிரித்து ஆராய வையுங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். முகவருக்கு வெளியுறவு அமைச்சகத்தின் பதிவு இருக்கிறதா என்று இமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். “இன்றைக்கே முன்பணம் கட்டு” என்ற அவசரம் ஏன் என்று கேளுங்கள். பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். தாமதமானால் பணத்தை முடக்குவது கடினம்.

14. “ஏஐ வீடியோ வந்தாச்சு. இனி எதைத்தான் சரிபார்க்க முடியும்?”

விரலை எண்ணு, கண் சிமிட்டுகிறதா பார் என்ற குறிப்புகளை நம்பியிருக்காதீர்கள். அவை வேகமாகக் காலாவதியாகின்றன. 12ஆம் கேள்வியின் வழி காலாவதியாகாது: இதை முதலில் வெளியிட்டது யார், வேறு யார் உறுதி செய்கிறார்கள்? அவசரமாகப் பணம் கேட்டு மாமா குரலில் போன் வந்தால் வைத்துவிட்டு, மாமாவின் எண்ணுக்கு நாமே திரும்ப அழைக்க வேண்டும்.

15. “எந்த ஃபேக்ட் செக்கை நம்பலாம்? கவர்மென்ட் பண்ணுறதா, பிரைவேட்டா?”

தமிழில் யூடர்ன் போன்ற தளங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசும் 2023இல் ஒரு சரிபார்ப்பகம் அமைத்தது. அரசு பற்றிய செய்தியை அரசே பொய் என்று முத்திரை குத்தலாமா என்பது நியாயமான கேள்வி. மத்திய அரசு தனக்கு அப்படி அதிகாரம் கொடுத்துக்கொண்ட விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இந்தத் தீர்ப்பைப் பற்றியே ஒரு விவாதம் நடத்தலாம்.

யார் நடத்தினாலும் மாணவர்கள் பார்க்க வேண்டியது, எப்படிக் கண்டுபிடித்தோம் என்ற படிகளைக் காட்டுகிறார்களா, தங்கள் தப்பைத் திருத்தி வெளியிடுகிறார்களா என்பதைத்தான். வகுப்புக்கு எடுத்துப் போகும்போது ஒரே கட்சியின் பொய்களை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். 5ஆம் கேள்வியில் சொன்ன முதல் பீகார் ஆய்வு இதற்காகத்தான் நினைவில் இருக்க வேண்டும்.

16. “எல்லாத்தையும் சந்தேகப்படுற பசங்களா ஆகிட மாட்டாங்களா? எதையுமே நம்ப மாட்டாங்களே?”

பொய்ச் செய்திகளை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தால் அப்படித்தான் ஆவார்கள். இந்தக் கேள்வியை இன்னும் அதிகம் பேர் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. பத்து செய்தி கொடுத்தால் பாதி உண்மையாக இருக்கட்டும், அதிலும் நம்ப முடியாததுபோல் தோன்றும் உண்மைகளாக இருக்கட்டும். 8ஆம் கேள்வியில் சொன்ன இருக்கைச் சட்டத்தை ஒரு ஃபார்வேர்டு வடிவத்தில் கொடுத்துப் பாருங்கள். பொய் என்று அடித்துச் சொல்கிறவர்கள் நிறைய இருப்பார்கள். தனக்கு உள்ள உரிமையை நம்பாமல் போவதும் ஏமாறுவதுதான். பொய்யைப் பிடித்ததற்கு எவ்வளவு பாராட்டோ, உண்மையை உறுதி செய்ததற்கும் அவ்வளவு பாராட்டு கொடுங்கள்.

17. “நானே கௌரவ விரிவுரையாளர். எனக்கே நியாயமான சம்பளம் இல்ல. எந்த முகத்தோட இதை நடத்துறது?”

இந்தக் கேள்வியை மிகத் தாழ்ந்த குரலில்தான் கேட்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்று சொன்னது. அதைக் கேட்டு வருஷக்கணக்காகப் போராட்டம் நடக்கிறது. உங்களைவிட இந்தப் பாடத்தை உணர்ந்து நடத்தக்கூடியவர் யாரும் இல்லை.

சொந்தக் கதையை வகுப்பில் சொல்ல வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. மாணவர்கள் உங்களுக்காகப் பரிதாபப்படும் நிலையும், உங்கள் வேலைக்கு ஆபத்து வரும் நிலையும் வேண்டாம். இந்த வகுப்புக்கான நேரத்தை உங்கள் பணி நேரக் கணக்கில் எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மாணவர் நலனுக்காக என்று சொல்லி இதைச் சம்பளமில்லாமல் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 8ஆம் கேள்வி மாணவர்களுக்கு மட்டும் எழுதியது அல்ல.

18. “மார்க் எப்படிப் போடுறது?”

கருத்துக்கு மார்க் போடாதீர்கள். ஒரு செய்தியை எடுத்து, முதலில் என்ன நினைத்தேன், எங்கெல்லாம் தேடினேன், என்ன கிடைத்தது, முடிவு மாறியதா என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். மார்க் தேடிய வழிக்கு. முடிவு மாறாவிட்டாலும் முழு மார்க் வாங்கலாம்.

19. “ஃபேமிலி குரூப்புல பெரியப்பா பொய்ச் செய்தி போடுறார். சொன்னா ‘காலேஜ் போய் இதான் கத்துக்கிட்டியா’ன்னு திட்டுறார். பசங்க கேக்கிறாங்க, என்ன சொல்ல?”

குரூப்பில் எல்லோர் முன்னாலும் திருத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் தன் செய்தியைக் காப்பாற்றுவதை விட்டுவிட்டு மரியாதையைக் காப்பாற்ற ஆரம்பித்துவிடுவார். திருத்தினால் ஆள் இன்னும் பிடிவாதமாகிவிடுவார் என்று ஒரு காலத்தில் பயமுறுத்தினார்கள். பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் அது பொதுவாக நடப்பதாகத் தெரியவில்லை. சொல்லலாம், சொல்லும் விதம்தான் கேள்வி.

தனியாகப் போன் போட்டு, “பெரியப்பா, நீங்க போட்டதைப் பாத்தேன், எனக்கும் பயமா இருந்துச்சு, தேடிப் பாத்தா இது மூணு வருஷம் முன்னாடி வேற ஊர்ல எடுத்ததாம்” என்று இணைப்போடு சொல்லச் சொல்லுங்கள். குரூப்பில் வேறு யாராவது பயந்து ஏதாவது செய்துவிடும் அளவுக்கு ஆபத்தான செய்தி என்றால், 12ஆம் கேள்வியில் வந்த பிள்ளைபிடி வதந்தி மாதிரி என்றால், காத்திருக்க வேண்டாம். குரூப்பிலேயே உடனே போட வேண்டும், பெரியப்பா கோபித்துக்கொண்டாலும்.